பச்சைத் துணி கட்டிய பக்கம்

பெல்லை எத்தனை தடவை அடித்தீர்கள் தம்பி? அவ்வளவு நேரமா நின்றீர்கள்? மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த பெல்லே அப்படித்தான், வாங்கிய நாளிலிருந்து முனகுகிறது. எதிர்வீட்டு ரோஸிட்டா வந்து கதவை இடித்திருக்காவிட்டால் நீங்கள் கோவில்பட்டிக்கே திரும்ப பஸ் ஏறியிருப்பீர்கள். உட்காருங்கள். அங்கே இல்லை, இப்படி வாருங்கள், என் இடது பக்கம். அந்த நாற்காலிக்குக் கால் ஆடும்.

இசக்கிராஜா என்றுதானே போனில் சொன்னீர்கள்? நீங்கள் சொன்னதில் பாதி பிடிபடவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. நான் கத்தாரிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து பார்க்கிறேன், இந்த ஊரில் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லோருக்கும் உதட்டுக்குள்ளேயே பேச்சு. சர்ச்சில் பங்குச்சாமி பிரசங்கம் வைக்கிறார், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், ஏதோ குளத்துக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்துச் சாமியார்கள் பேசினால் துறைமுகம்வரை கேட்கும்.

நீங்கள் வாங்க வந்த பாட்டு செட்டைப் பார்க்கலாம், அது எங்கே ஓடிப்போகிறது? டீ குடியுங்கள். மக்ரூன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு வாங்கினால் கடைக்காரன் ஒரு மாதிரி பார்க்கிறான், அதனால் கூடுதலாக வாங்கிவிட்டேன்.

ஆமாம், நீங்கள் பார்க்கிறீர்களே, அதுதான். அந்த இரண்டும் ஸ்பீக்கர். நடுவில் குட்டி யானை மாதிரி இருப்பது பேஸ் பெட்டி. மேஜைமேல் இருப்பது கன்ட்ரோலர், இரண்டு தட்டு வைத்தது. லேப்டாப்பில் செருகினால் போதும், இந்தத் தட்டில் ஒரு பாட்டு, அந்தத் தட்டில் ஒரு பாட்டு, நடுவில் இருக்கும் இந்தக் குமிழை இப்படித் தள்ளினால் இது போய் அது வரும். புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு இது தாராளம். நானும் புதிதாக ஆரம்பித்தவன்தான். நாற்பத்தெட்டு வயதில் டி.ஜே.வா என்று கேட்காத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. உங்களுக்கு என்ன, முப்பது இருக்குமா? நல்ல வயது.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாக.

ஹெட்போனா?

இருக்கிறது தம்பி. அலமாரிக்கு மேலே பெட்டியோடு இருக்கிறது. நான் பிரிக்கவே இல்லை. அந்த ஹெட்போனால்தான் என் மனைவி லீவு முடிவதற்கு முன்னாலேயே விமானம் ஏறிப் போனாள். சிரிக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள், காதில் மாட்டுகிற ஒரு சாமானுக்காக ஒரு பொம்பளை புருஷனை விட்டுவிட்டுப் போவாளா?

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் நியாயம் யார் பக்கம் என்று தெரியும்.

கத்தாரில் கடல்தண்ணீரை நல்ல தண்ணீராக்குகிற ஒரு கம்பெனியில் எனக்கு பம்ப் ரூமில் வேலை. நீங்கள் பம்ப் ரூம் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே போனால் தரை அதிரும், பல் அதிரும். பேச்சே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். வால்வைத் திற, மூடு, சாப்பிடப் போகலாம், சூப்பர்வைசர் வருகிறான், எல்லாவற்றுக்கும் ஒரு சாடை. காதுக்கு மூடி கொடுப்பார்கள், இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்தது. அந்த வெக்கையில் எவன் போடுவான்? எனக்கு அது கழுத்தில்தான் கிடக்கும். என் காது இரும்பு தம்பி. பையன்கள் எல்லாம் தலைவலி, இரைச்சல் என்று மருந்துக்கு ஓடுவார்கள், நான் ஒரு நாள் ஓடியதில்லை.

டெல்பின் அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டெல்பின்தான் என் மனைவி. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அது வேறு கதை, விடுங்கள். கம்பெனி ஆள் குறைத்தபோது என்னை அனுப்பிவிட்டார்கள். அவள் வேலையில் இருந்தாள். "நீங்க முன்னால போங்க, நான் ஒப்பந்தம் முடியவும் வந்துடுதேன்" என்றாள். வந்தேன். இந்த வீட்டுக் கதவைத் திறந்தேன். தம்பி, அந்த நிசப்தம் இருக்கிறதே, அது என்னை அடித்துப்போட்டுவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, சத்தம் இல்லை. குழாயில் தண்ணீர் விழுகிறது, சத்தம் இல்லை. அப்படி ஒரு வெறுமை. டி.வி.யை முழுசாக வைத்தால்தான் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அதற்கும் ரோஸிட்டா வந்து நிற்பாள், "அண்ணே, எங்க வீட்டு டி.வி.ய நான் போடவே வேண்டாம் போலுக்கே" என்று.

டி.ஜே. யோசனை எப்படி வந்ததென்றால், எங்கள் கல்யாணத்திலிருந்து வந்தது. கல்யாணத்தன்று மத்தியானம் டெல்பினுடைய சித்தப்பா கடலுக்குப் போன இடத்தில் தவறிவிட்டார். தாலி கட்டியாயிற்று, ஆனால் சாயங்காலம் வரவேற்பு இல்லை, பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. வாடகைக்கு வந்த ஸ்பீக்கரை அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றினார்கள். டெல்பின் மணப்பெண் கவுனோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால்தான் எனக்கு மறக்கவில்லை.

இந்த வருஷம் எங்களுக்கு வெள்ளி விழா. அவளுக்கு லீவு கிடைக்கும் என்றாள். நான் முடிவு பண்ணிவிட்டேன். பங்கு மண்டபத்தை எடுப்பது, அன்றைக்கு விட்டுப்போன வரவேற்பை வைப்பது, பாட்டு நானே போடுவது. அடுத்தவன் கையில் கொடுப்பதாக இல்லை. புரிகிறதா? அவளுக்காகத்தான் தம்பி. எல்லாமே அவளுக்காக.

மதுரைக்குப் போனேன் சாமான் எடுக்க. கடையில் ஒரு பையன். அவன் முதலில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் காட்டினான். போட்டுக் காட்டச் சொன்னேன். கொசு பாடுகிற மாதிரி இருந்தது. "சார், ஹாலுக்கு இதுவே ஜாஸ்தி" என்கிறான். அடுத்ததைப் போடு என்றேன். அதுவும் அப்படித்தான். கடைசியில் இந்த ஜோடியைப் போட்டான். ஆ, இப்போதுதான் பாட்டு என்றேன். கடையிலிருந்த மற்ற ஆட்கள் எல்லாம் வெளியே போய் நின்றுகொண்டார்கள், வெயிலைக்கூடப் பார்க்காமல். பில் போடும்போது அந்தப் பையன் ஹெட்போன் ஒன்றைத் தூக்கிக் காட்டி என்னவோ சொன்னான். நான் பார்த்தேன். அதே காது மூடி! இரண்டு கிண்ணம், நடுவில் வளையம். இது எனக்கு எதற்கு? நான் கேட்காமல் இருக்கவா செட் வாங்குகிறேன்? அந்தக் காசுக்கு பேஸ் பெட்டியைப் பெரிசாகக் கொடு என்றேன்.

கன்ட்ரோலரின் முன்பக்கம் ஒரு துளை இருக்கிறது, பக்கத்தில் காது மூடி படம் போட்டு. அதற்கு டேப் ஒட்டிவிட்டேன். எங்கள் பம்ப் ரூமில் அது சட்டம், பயன்படாத துளையை மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக்காற்று உள்ளே போய் மெஷினைத் தின்றுவிடும். இங்கேயும் உப்புக்காற்றுதானே.

டெல்பின் வந்தாள். வாசலில் நின்று இந்த ஹாலைப் பார்த்தாள். சோபா இருந்த இடத்தில் ஸ்பீக்கர். "சோபா எங்க?" என்றாள். மாடியில் என்றேன். "நாம எங்க உக்கார?" என்றாள். இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் பாட்டைப் போட்டேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளும் மாறித்தான் போயிருந்தாள் தம்பி. விசித்திரமாக நடந்துகொண்டாள். கட்டிலில் எப்போதும் எனக்கு வலது பக்கம் படுப்பவள், இந்தத் தடவை இடது பக்கம் வந்து படுத்தாள். கேட்டால், "இங்கன காத்து வருது" என்றாள். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. தெருவில் நடந்து போனால் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் சேர்ந்துகொள்வாள். ஒரு நாள், "நம்ம ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தர் இங்க இருக்காரு, சும்மா ஒரு டெஸ்டுக்கு வாரியளா?" என்றாள். என்ன டெஸ்ட்? காது டெஸ்டாம். பாட்டுப் போடுகிறவனைப் போய் காது டெஸ்டுக்கு! விழா முடியட்டும் பார்க்கலாம் என்றேன். நர்ஸைக் கட்டினால் இதுதான், வீட்டையே வார்டாக்கி விடுவார்கள்.

நீங்கள் மறுபடி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டீர்கள். இப்படி வாருங்கள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் எங்கோ போனவள் சாயங்காலம் வந்தாள். கையில் ஒரு பெட்டி. ஹெட்போன். மதுரைக்கே போய் வாங்கி வந்திருக்கிறாள். "கடைக்காரப் பையன்ட்ட எல்லாம் கேட்டுட்டேன். இது இல்லாம ஒண்ணும் நடக்காதாம். போட்டுப் பாருங்க" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சத்தம் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே? காதை மூடிக்கொண்டு நீயே கேட்டுக்கொள், எங்களை விடு என்கிறாள். அப்படித்தானே அர்த்தம்? நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் கடைசியாக ஒன்று கேட்டாள். "பாட்ட வேற யாரையாவது போடச் சொல்லுங்களேன். நீங்க என் பக்கத்துல உக்காருங்க." நான் சொன்னேன், அடியே, வேற எவன் போட்டாலும் உனக்காகப் போடுவானா? அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாளோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. அப்படி மெதுவாகப் பேசினால் யாருக்குக் கேட்கும்?

மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் இரண்டு சிம்மாசன நாற்காலி, வெள்ளிக் காகிதம் சுற்றி. ஒன்றில் டெல்பின், நீலப் பட்டு. இன்னொன்று என்னுடையது, நான்தான் கீழே மேஜைக்குப் பின்னால் நிற்கிறேனே. வருகிறவர்கள் எல்லாம் அவளிடம் பரிசைக் கொடுத்துவிட்டு, காலி நாற்காலி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் கையசைத்தேன். அவளும் அசைத்தாள். முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்திருந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. எங்கள் மதலேன் அத்தை, மூட்டுவலிக்காரி, இரண்டு கையையும் தூக்கி ஆடுகிறாள். இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்குக் குமிழைத் தள்ளுகிறேன், கூட்டம் கத்துகிறது. தம்பி, அந்தக் கொஞ்ச நேரம் நான் ராஜா. அடுத்த பாட்டுக்குப் போனேன். அங்கேதான் வினை. பாட்டு குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் கிடந்த பென்டிரைவ் எல்லாவற்றையும் லேப்டாப்பில் கொட்டியிருந்தேன். எதற்கும் பெயர் கிடையாது, டிராக் ஒன்று, டிராக் இரண்டு, அவ்வளவுதான். ஒன்றைத் தொட்டேன். குமிழைத் தள்ளினேன்.

செபமாலை.

டெல்பின் ராத்திரி டியூட்டியில் கேட்பதற்கு வைத்திருந்தது. ஒரு மடத்து சிஸ்டர் கணீரென்று மாதா மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்கிறார். இந்த ஸ்பீக்கரில். இந்த பேஸ் பெட்டியில். மதலேன் அத்தை தூக்கிய கையை அப்படியே இறக்கி நெற்றியில் சிலுவை போட்டாள். ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். சிஸ்டர் முதல் பாதியை முடித்ததும் என்ன செய்வார்கள்? பிறந்ததிலிருந்து பழக்கம். மண்டபமே மறுபாதியைச் சொல்லிற்று. ஐஸ்கிரீம் தட்டோடு வந்த சமையல்காரர்கூடத் தட்டை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார், அவர் நம்ம மதம்கூட இல்லை. செபத்தை நடுவில் நிறுத்துகிற தைரியம் எனக்கு எப்படி வரும்? செபமாலையின் பத்து மணியும் உருண்டு முடிகிறவரை நின்றேன். வண்ண விளக்கு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, எல்லோருடைய முகத்திலும் சிவப்பும் பச்சையுமாக.

முடிந்ததும் அடுத்து என்ன? சாப்பாடு. செபம் சொன்னால் சாப்பாடு, அதுதானே முறை. கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. ஒருத்தர்கூடத் திரும்பி ஆட வரவில்லை.

நான் மேடையைப் பார்த்தேன். டெல்பின் சிரித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரிப்பு. ரோஸிட்டா சொல்கிறாள், அது நல்ல சிரிப்பாம், வந்ததிலிருந்து டெல்பின் அன்றைக்குத்தான் சிரித்தாளாம். எனக்கு எப்படித் தெரியும்? சிரித்துக்கொண்டே இறங்கி என்னிடம் வந்தாள். கையில் அதே பெட்டி. பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள்! "இப்பமாவது இதைப் போடுங்களேன். வாங்க, நாம ரெண்டு பேரும் ஆடலாம்" என்றாள்.

நான் சொன்னேன், "ஒனக்கு என் சத்தம் புடிக்கலைன்னா கத்தாருக்கே போயிரு. எதுக்கு வந்த?"

கோபத்தில் வருகிற வார்த்தைதானே தம்பி? புருஷன் பொண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். ஆனால் பாருங்கள், கூட்டத்தை ஆடக் கூப்பிட என் கையில் ஒரு மைக் இருந்தது, அதில் சுவிட்ச் எது ஆன், எது ஆஃப் என்றே தெரியாது. மட்டமான மைக். நான் சொன்னது பந்தி நடக்கிற இடம்வரை இரண்டு ஸ்பீக்கரிலும் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் ரோஸிட்டா சொல்லித்தான் தெரியும். மைக் ஆனில் இருப்பதை ஒருத்தராவது சொல்லியிருக்கலாமில்லையா?

டெல்பின் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். மேடைக்குப் போய்த் தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். டிக்கெட்டை முன்னால் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

போனில் பேசுகிறோம். பேசுகிறோம் என்றால், சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன். நான் போனை ஸ்பீக்கரில்தான் போடுவேன், தெளிவாகக் கேட்கும். அவள், "ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பாள். இங்கே யார் இருக்கிறார்கள், சும்மா சொல்லு என்பேன். "ரோஸிட்டா வீட்டுக்குக் கேக்கும்" என்பாள். அப்புறம் ஒன்றும் சொல்ல மாட்டாள். ரோஸிட்டாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், இந்த வாரத்துக்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் இன்னும் சில வருஷம் அங்கேதான். போடுவாள். போடாமல்? அதனால்தான் செட்டை விற்கிறேன். யாருக்குப் போட்டுக் காட்ட?

சரி, ஹெட்போனையும் பாருங்கள். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு நீங்களே எடுங்கள். பெட்டியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பிரித்திருக்கிறதா? நான் தொடவில்லையே.

இருங்கள். அது என்ன துணி? கொடுங்கள் இப்படி.

இது எங்கள் துணி தம்பி. டெல்பினுடைய பழைய பச்சை துப்பட்டா. நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டிக் கைப்பிடியில் இதைத்தான் கிழித்துக் கட்டுவாள். ஏர்போர்ட்டில் எல்லாப் பெட்டியும் கறுப்பாகத்தானே சுற்றி வரும், நம்முடையது எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பாள். இதில் எதற்குக் கட்டினாள்? அதுவும் ஒரு கிண்ணத்தில் மட்டும்.

அந்த டேப்பையா? உரித்துவிடுங்கள். இனி யார் மெஷின், உங்கள் மெஷின்.

ஓ, இப்படிப் போட வேண்டுமா? ஒரு காதில் மட்டும்? ஒரு பாட்டு ஹாலில் ஓடும்போதே அடுத்த பாட்டை இதில் கேட்டுப் பார்த்துக்கொள்வதா? ஊருக்குக் கேட்கும் முன்னால் எனக்குக் கேட்குமா? அப்படியானால் செபமாலை அன்றைக்கு... இதைத்தான் அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். இதைத்தான் அவளும்.

மாட்டிவிடுங்கள். ம். போட்டாயிற்றா? ஒன்றும் கேட்கவில்லையே. கூட்டுங்கள். இன்னும் கூட்டுங்கள். பழுது தம்பி இது, பெட்டியிலேயே கிடந்து போய்விட்டது. என்ன சொல்கிறீர்கள், உங்களுக்கு அங்கே நின்றே கேட்கிறதா?

இந்தப் பக்கம் மாற்றியா? துணி கட்டிய பக்கத்தையா? சரி.

...

குறையுங்கள். குறையுங்கள், போதும்.

கேட்கிறது.

வலது காதில் கொஞ்ச நாளாகச் சளி தம்பி. கடல்காற்று. வேறொன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு எப்படித் தெரிந்தது, எந்தப் பக்கம் என்று? நான் சொல்லவே இல்லையே. ஜன்னல் இல்லாத பக்கம் வந்து படுத்தாளே, அப்போதே தெரிந்திருக்குமா?

தம்பி, ஒரு சின்ன உதவி. இந்த வயரை போனில் செருக முடியுமா? பழைய போன்தான், துளை இருக்கிறது. அந்தத் தடி முனையைக் கழற்றினால் உள்ளே சின்னது இருக்கிறதா? நல்லது. செருகுங்கள். அவள் பெயர் முதலிலேயே இருக்கும், பாருங்கள். அழுத்துங்கள்.

கோவில்பட்டிக்கு ராத்திரி வெகுநேரம் வரை பஸ் இருக்கிறது, இருந்தாலும் நீங்கள் கிளம்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் உங்களை இவ்வளவு நேரம் பிடித்து வைத்தேன், தெரியும். செட்டைப் பற்றிப் போனில் சொல்கிறேன். மக்ரூனை எடுத்துக்கொண்டு போங்கள், அப்படியே பொட்டலத்தோடு. ரிங் போகிறது. கதவை மெல்லச் சாத்துங்கள்.

டெல்பின்?

இல்ல, ஸ்பீக்கர்ல இல்ல. ஒன் ஹெட்போன்ல. ஆமா, பச்சத் துணி கட்டுன பக்கம்.

யாரும் இல்ல. ஒருத்தர் வந்தாரு, போயிட்டாரு. கேக்குது, நல்லாக் கேக்குது. நீ மெதுவாவே பேசு.

அன்னைக்கு என்னமோ சொல்லணும்னியே. இப்பம் சொல்லு.